நைரோபிக்கு நேர் விமானம்: ஒரே தடம் மூன்று முறை புதிதானது எப்படி?

மும்பைக்கும் கென்யாவின் தலைநகரான நைரோபிக்கும் இடையே இந்திய விமானக் கம்பெனி ஒன்று நேர் விமானம் தொடங்குகிறது என்ற செய்தி இதுவரை மூன்று முறையாவது வந்திருக்கிறது. 1950-ல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் தொடங்கியது. 2019 நவம்பரில் ஏர் இந்தியா மறுபடியும் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 5-ஆம் தேதி இண்டிகோ தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் குத்துவிளக்கு, மாலை, புகைப்படம் எல்லாம் உண்டு. ஒரே தடம் மூன்று முறை எப்படிப் புதிதாகும்?

விமான டிக்கெட் தொழிலில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், ஏதாவது ஊருக்குப் புது விமானம் என்று பேப்பரில் வந்தால் சங்கத்து நண்பர்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "நம்ம ஊருக்கு ஏன் சார் நேரே விடமாட்டேன் என்கிறார்கள்?" என்பது அடுத்த கேள்வியாக வரும். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். தடத்தைத் திறப்பது ஒரு வேலை. அதை நிற்க வைப்பது வேறு வேலை. நைரோபியை வைத்து அதை விளக்கப் பார்க்கிறேன்.

ஏன் நைரோபி?

நைரோபி பழைய நகரம் அல்ல. ஆங்கிலேயர்கள் மொம்பாசா துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரிவரை ரயில் பாதை போட்டபோது, 1899-ல் நடுவழியில் அமைத்த முகாம்தான் பிறகு நகரமாக வளர்ந்தது. 1896 முதல் 1901 வரை நடந்த அந்த வேலைக்கு இந்தியாவிலிருந்து சுமார் 32,000 தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே இறந்தார்கள். வேலை முடிந்ததும் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். சில ஆயிரம் பேர் தங்கினார்கள். பின்னால் குஜராத்தி வணிகர்களும் பஞ்சாபிகளும் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். 2017-ல் கென்ய அரசு அங்குள்ள இந்திய வம்சாவளியினரைத் தன் நாட்டின் 44-ஆவது இனக்குழுவாக அறிவித்தது.

அந்தக் காலத்தில் மும்பையிலிருந்து மொம்பாசா போக ஒரு வாரத்துக்கு மேல் கப்பலில் இருக்க வேண்டும். ஏர் இந்தியா இன்டர்நேஷனல் தன் முதல் வெளிநாட்டுத் தடமாக 1948 ஜூனில் லண்டனுக்குப் பறந்தது. அடுத்த இரண்டு ஆண்டுக்குள் ஏடன் வழியாக நைரோபிக்கும் பறந்தது. நியூயார்க்கும் டோக்கியோவும் அதற்குப் பிறகுதான். போகிறவர்களும் வருகிறவர்களும் ஏற்கெனவே இருந்ததே காரணம். ஜனங்கள் நடந்து நடந்து பாதை விழுந்த இடத்தில்தான் விமானக் கம்பெனியும் கால் வைக்கும்.

வானத்துக்கும் வேலி உண்டு

விமானம் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1944-ல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கை, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் தலைக்கு மேலுள்ள வானத்தில் முழு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டது. ஆகவே இரண்டு அரசுகள் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். எந்தெந்த ஊர்களுக்கு, வாரத்துக்கு எத்தனை விமானம் அல்லது எத்தனை இருக்கை, மூன்றாவது நாட்டுக்கு ஆள் ஏற்றிப் போகலாமா என்பதெல்லாம் அதில் வரும். எந்தக் கம்பெனி பறக்கும் என்பதையும் அந்தந்த நாடே நியமிக்கும்.

நம் நாட்டுக் கம்பெனிகளுக்கு உள்ளூரிலும் ஒரு நிபந்தனை உண்டு. 2016 வரை, 5 ஆண்டு உள்நாட்டில் பறந்து 20 விமானம் வைத்திருந்தால்தான் வெளிநாடு போகலாம். 2016-ல் 5 ஆண்டு விதியை எடுத்துவிட்டார்கள். 20 விமானத்தையோ மொத்தத் திறனில் 20 சதவீதத்தையோ, எது அதிகமோ அதை உள்நாட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்பது மட்டும் நின்றது.

உயரம் செய்யும் வேலை

நைரோபி விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,330 அடி உயரத்தில் இருக்கிறது. நம் ஏற்காட்டை விடச் சற்று அதிகம். ஊருக்கு நல்ல குளுமை, விமானத்துக்குத் தொல்லை. அந்த உயரத்தில் காற்று கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ 15 சதவீதம் மெல்லியது. இறக்கைக்குத் தூக்கும் சக்தி குறைகிறது. எஞ்சினுக்கும் காற்று குறைகிறது. எனவே விமானம் இன்னும் வேகமாக ஓடித்தான் மேலே எழும்ப வேண்டும். மும்பையின் பெரிய ஓடுபாதை சுமார் 3,450 மீட்டர்; நைரோபியின் ஓடுபாதை சுமார் 4,100 மீட்டர்.

ஓடுபாதை போதாதபோது எடையைக் குறைக்க வேண்டும். எதைக் குறைப்பது? எண்ணெயைக் குறைத்தால் தூரம் போக முடியாது. ஆளையோ சரக்கையோ குறைத்தால் வருமானம் போகும். எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா நிலையம் இன்னும் உயரம், 7,600 அடிக்கு மேல். அதனால் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் வாஷிங்டனிலிருந்து நேரே வந்துவிடும். போகும்போது மட்டும் டப்ளின் போன்ற ஊரில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு போன காலம் உண்டு. கென்யா ஏர்வேஸ் 2018 அக்டோபர் 28-ல் நைரோபியிலிருந்து நியூயார்க்குக்கு நேர் விமானம் தொடங்கியபோது, புறப்பாட்டை இரவில் வைத்தது. இரவுக் குளிரில் காற்று சற்று அடர்த்தியாகும் என்பது அதில் கிடைக்கும் ஒரு லாபம். சுமார் 15 மணி நேரப் பயணம் அது.

மும்பைத் தடத்தில் இந்தத் தொல்லை குறைவு. தூரம் சுமார் 4,500 கிலோமீட்டர்; ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். பெரும்பகுதி அரபிக்கடல் மீது. இரண்டு எஞ்சின் விமானம் என்றால், ஒன்று நின்றாலும் மற்றதை வைத்துக்கொண்டு குறித்த நேரத்துக்குள் ஏதாவது ஒரு நிலையத்தை எட்டும்படி வழியை வகுக்க வேண்டும்.

இருக்கை நிரம்ப வேண்டுமே

எல்லாம் சரியான பிறகுதான் பெரிய சோதனை வருகிறது. 180 இருக்கை உள்ள ஒரு விமானம் தினமும் போய்வந்தால், ஆண்டுக்கு 1,31,400 இருக்கைகள். காலியாகப் போன இருக்கையை மறுநாள் விற்க முடியாது. கறிகாய்க்கடைக்காரருக்காவது வாடின கத்தரிக்காயைப் பாதி விலைக்குத் தள்ள வழி உண்டு.

இந்தத் தடத்தில் ஏறுகிறவர்கள் யார்? குஜராத்திக் குடும்பங்கள், மருந்து வியாபாரிகள், மாணவர்கள், ஜூலை முதல் அக்டோபர் வரை மசாய் மாராவில் மிருகங்களைப் பார்க்கப் போகிறவர்கள். அந்தப் பக்கத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் முக்கியமானவர்கள். மும்பைக்கு மட்டுமல்ல, சென்னை ஆஸ்பத்திரிகளுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்த ஒருவருக்கு, நடுவில் இறங்கி ஏறாமல் ஆறு மணி நேரத்தில் வீடு திரும்புவது சொகுசு அல்ல, தேவை.

போட்டி வருவது அரபு நாடுகளிலிருந்து. துபாயும் தோஹாவும் நம் விழுப்புரம் ஜங்ஷன் மாதிரி. சென்னை, கொச்சி, ஹைதராபாத் என்று பல ஊர் ஆட்களை அங்கே சேர்த்து, ஒரே விமானத்தில் நைரோபிக்கு அனுப்புவார்கள். நேரம் அதிகமானாலும் பல சமயம் கட்டணம் குறையும். எத்தியோப்பியன் 2022-ல் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியதும் இதே கணக்கில்தான்: அடிஸ் அபாபா போகிறவர்களை மட்டும் நம்பி அல்ல, அங்கிருந்து ஆப்பிரிக்கா முழுவதும் பிரிந்து போகிறவர்களை நம்பி.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். ஏர் இந்தியா நைரோபித் தடத்தை 2010-ல் நிறுத்தியது. 2019 நவம்பரில் 256 இருக்கை கொண்ட போயிங் 787 விமானத்தை வாரம் நான்கு நாள் விட்டது. நான்கே மாதத்தில், 2020 மார்ச்சில், கொரோனா வந்தது. வழக்கமான வெளிநாட்டு விமானங்கள் நம் நாட்டில் இரண்டு ஆண்டு நின்றன. 2023-ல் இண்டிகோ வந்தபோது சிறிய, நடுவில் ஒரே நடைவழி கொண்ட ஏர்பஸ் வகை விமானத்தைத் தினமும் விட்டது. இது சாமர்த்தியம் என்றே எனக்குத் தோன்றுகிறது. சிறிய விமானத்தை நிரப்புவது எளிது. தினமும் இருப்பதால் வியாபாரிக்கும் நோயாளிக்கும் வசதி. பெரிய சத்திரத்தைக் கட்டி ஆளைத் தேடுவதைவிட, சின்ன ஹோட்டல் போட்டுத் தினமும் அடுப்பு மூட்டுவது மேல்.

நாம் கவனிக்க வேண்டியவை

பிள்ளைகள் வேலைக்காக ஆப்பிரிக்கா போவது நம் குடும்பங்களிலும் நடக்கிறது. ஆகவே மூன்று விஷயம் சொல்லிவைக்கிறேன்.

முதலாவது, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து இந்தியா திரும்புகிறவர்கள் ஊசி போட்ட சான்று அட்டையைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் 6 நாள்வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்தே அட்டை செல்லும். 2016 ஜூலை முதல் ஒரு ஊசி ஆயுளுக்கும் போதும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். கைக்குழந்தைகள், 60 வயது கடந்தவர்கள், முட்டை ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்க வேண்டும். மாதுங்காவில் எனக்குத் தெரிந்த ஒரு மாமி, மகன் வீட்டுக்குப் போய்வந்தார். இந்த வயதில் ஊசி எதற்கு என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் போடாமல் போனார். திரும்பி வந்து, பேத்தியின் காதுகுத்து நாளன்று தனிமை அறையில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது, 2024 ஜனவரி முதல் கென்யா பழைய விசா முறையை எடுத்துவிட்டு, புறப்படும் முன்பே இணையம் வழியாக அனுமதி பெறும் முறையைக் கொண்டுவந்தது. விமான நிலையத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பக்கூடாது.

மூன்றாவது, சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ மும்பை வந்து மாறுகிறவர்கள் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறினால் யாரும் பொறுப்பு ஏற்கமாட்டார்கள். மும்பையில் உள்நாட்டு விமானம் ஒரு முனையத்திலும் வெளிநாட்டு விமானம் வேறு முனையத்திலும் இருக்கலாம். நடுவில் சாலை, நெரிசல், பெட்டி, குழந்தைகள்.

புதுத் தடத்தில் முதல் சில மாதம் கட்டணம் குறைவாக இருப்பது வழக்கம். ஆனால் ஆறு மாதம் தள்ளி உள்ள கல்யாணத்துக்கு டிக்கெட் வாங்குகிறவர்கள், தடம் நின்றுபோனால் முழுப் பணமும் திரும்புமா, வேறு விமானத்தில் அனுப்புவார்களா என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. நம் ஊருக்கு நேர் விமானம் வேண்டும் என்று மனுப் போடுகிற அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. வந்தவுடன் அதில் ஏறுங்கள். பண்டிகைக்கு மட்டும் நிரம்பி மற்ற மாதங்களில் காலியாக ஓடும் விமானத்தை எந்தக் கம்பெனியும் அதிக நாள் வைத்துக்கொள்ளாது.