பூஜை அறைக் கதவில் கோடு ஏன் பிசகுது? சிஎன்சி 'ஜீரோ' ரகசியம்

தாம்பரம், பெருங்களத்தூர், மேடவாக்கம் பக்கம் புது ஃப்ளாட்டுக்குக் குடிபோகிறவர்களில் பலர், பூஜை அறைக் கதவை சிஎன்சி ரவுட்டரில் செதுக்கக் கொடுக்கிறார்கள். டிசைன் சரி, மிஷினும் சரி. ஆனாலும் கதவின் ஒரு பக்கம் கோடு தடிமனாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் வந்துவிடுவது உண்டு. தேக்குப் பலகை என்றால் நஷ்டம் சின்னதல்ல. முதலில் சந்தேகப்பட வேண்டியது 'ஜீரோ'வை.

ஜீரோ என்றால் என்ன?

கம்ப்யூட்டரில் வரைந்த டிசைனுக்கு ஒரு தொடக்கப் புள்ளி உண்டு. அது மேஜையில் கிடக்கும் பலகையில் எங்கே என்று மிஷினுக்குத் தெரியாது. ஆபரேட்டர்தான் காட்ட வேண்டும். இடம்-வலம் எக்ஸ், முன்-பின் ஒய், மேல்-கீழ் இசட். இந்த மூன்றையும் காட்டுவதுதான் ஜீரோ வைப்பது.

கூம்பு பிட் என்றால் ஏன் கூடுதல் கவனம்?

நேரான பிட்டில் இசட் கொஞ்சம் தப்பினால் பள்ளத்தின் ஆழம்தான் மாறும், அகலம் மாறாது. வி-பிட், டேப்பர் பால்நோஸ் போன்றவை நுனியில் குறுகி மேலே போகப்போக விரியும். அதனால் ஆழம் மாறினால் அகலமும் மாறும்.

90 டிகிரி வி-பிட்டில் 0.5 மி.மீ. ஆழம் இறக்கினால் 1 மி.மீ. அகலக் கோடு வரும். பலகை ஓரிடத்தில் 0.2 மி.மீ. தாழ்ந்திருந்தால் அங்கே கோடு 0.6 மி.மீ.தான். 0.2 மி.மீ. உயர்ந்திருந்தால் 1.4 மி.மீ. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் வித்தியாசம் இது.

எக்ஸ், ஒய் எப்படி வைப்பது?

கூம்பு பிட்டின் பக்கவாட்டைப் பலகை ஓரத்தில் தொட்டு அளக்காதீர்கள். 6 மி.மீ. ஷாங்க் என்பதால் பாதி 3 மி.மீ. என்று கணக்குப் போடுவோம். ஆனால் 90 டிகிரி வி-பிட்டின் நுனி பலகை மட்டத்துக்கு 2 மி.மீ. கீழே இருந்தால், அது ஓரத்தைத் தொடும் இடத்தில் ஆரம் 2 மி.மீ.தான். 1 மி.மீ. அங்கேயே போச்சு. இரட்டைக் கதவில் நடுவில் சேர வேண்டிய பூ சேராது.

சரியான வழி: ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டு, 6 மி.மீ. நேரான கம்பியை மாட்டுங்கள். இடது ஓரத்தைத் தொட்டதும் எக்ஸ் -3 என்றும், முன் ஓரத்தைத் தொட்டதும் ஒய் -3 என்றும் கொடுங்கள். பிறகு கூம்பு பிட்டை மாட்டி இசட்டை மட்டும் வையுங்கள். கோலட்டின் மையம் ஒன்றே என்பதால் எக்ஸ், ஒய் மாறாது. பென்சிலில் போட்ட கூட்டல் குறிதான் தொடக்கம் என்றால், கூரான வி-பிட் நுனியையே அதன்மேல் நிறுத்தலாம்.

இசட்டுக்குக் காகிதமா, டச் பிளேட்டா?

சாதாரண ஏ4 தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. பிட் தாளைப் பிடித்த இடத்தில் 0 என்று கொடுக்காமல் 0.1 என்று கொடுக்க வேண்டும். இன்னொரு தொல்லை: கூர்நுனி தாளைக் குத்திக்கொண்டு உள்ளே போய்விடும். டச் பிளேட் இருந்தால் நல்லது. அதன் தடிமனை வெர்னியரில் அளந்து கன்ட்ரோலரில் பதியுங்கள். மெதுவாக இறக்குங்கள், கார்பைடு நுனி சட்டென்று சிதறும்.

புது வி-பிட்டின் நுனியும் 0.1 அல்லது 0.2 மி.மீ. தட்டையாக இருக்கலாம். அதை மென்பொருளின் டூல் விவரத்தில் கொடுங்கள். இசட்டை ஏற்றி இறக்கிச் சமாளிக்க வேண்டாம்.

வேலை நடுவில் பிட் உடைந்தால்?

புது பிட் மாட்டி, இன்னும் செதுக்காத இடத்தில் இசட் மட்டும் வையுங்கள். தவறிக்கூட எக்ஸ்-ஒய் ஜீரோவைத் தொடாதீர்கள். தொடங்கும்போதே கன்ட்ரோலர் திரையை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால், கரண்ட் போனாலும் அந்த எண்கள் கையில் இருக்கும். மழைக்கால ஈரத்தில் மரம் ஊதும் என்பதால், மறுநாள் தொடர்ந்தால் இசட்டை மறுபடி சரிபாருங்கள்.

கதவு கொடுப்பவர் என்ன கேட்கலாம்?

"பலகையோட நாலு மூலையிலும் உயரம் ஒண்ணா இருக்கான்னு பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். பிறகு ஒரு துண்டுப் பலகையில் 1 மி.மீ. கோடு போடச் சொல்லி, வெர்னியரில் அளந்து பாருங்கள். சரியாக வந்த பிறகு தேக்கை மேஜையில் ஏற்றலாம்.