சாலை யாருடையது?

சனிக்கிழமை விடியற்காலையில் புதுக்கோட்டைப் பட்டணத்து வீதிகளில் மோட்டார் சைக்கிள்களின் முழக்கம் எழுவது இப்பொழுது வழக்கமாகிவிட்டது. வாலிபர்கள் நால்வர் ஐவராகக் கூடி, முதுகில் மூட்டை தாங்கி, வாரமெல்லாம் உழைத்த அலுப்புத் தீர மலைநாடு நோக்கிப் புறப்படுகின்றனர். சிலர் நாமக்கல் ஜில்லாவிலுள்ள கொல்லிமலைக்குச் சென்று, அதன் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி, ஞாயிறு இரவு வீடு திரும்புகின்றனர். நெடிய விடுமுறை வாய்த்தால் ராஜஸ்தானத்துத் தார்ப் பாலைவனத்தையும், லடாக்கின் பனிக் கணவாய்களையும் காணத் துணிவோரும் உளர். பெரியோர் பலருக்கு இது பிடிப்பதில்லை. பணத்துக்கும் கேடு, உயிருக்கும் கேடு, வீட்டுக்கு உதவாத வீண் சுற்றல் என்று அவர்கள் கடிந்துகொள்கின்றனர்.

நாம் அவ்வாறு கருதவில்லை. தேசத்தைத் தேசப்படத்தில் மாத்திரம் கண்டவனுடைய தேசபக்தி ஏட்டுச் சுரைக்காயை ஒத்தது. பண்டைத் தமிழர் நிலத்தை ஐந்திணையாக வகுத்தவர்கள். குறிஞ்சியும் முல்லையும் கோடையில் வளங்குன்றித் திரிந்த நிலமே பாலை என்று சிலப்பதிகாரம் இலக்கணம் கூறுகிறது. அகநானூற்றின் 400 பாட்டுக்களில் 200 பாட்டுக்கள் பாலைத்திணையைச் சேர்ந்தவை. சுரம் கடந்து செல்வோனையும், அவன் வரவு நோக்கி வீட்டில் வாடுவோளையும் பாடிய புலவர்களின் வழித்தோன்றல்களுக்குப் பிரயாண ஆசை பிறவியிலேயே உள்ளது என்க.

நம் தேசத்தில் இவ்வாசை புதியதும் அன்று. 1923-ஆம் வருஷத்தில் பம்பாயிலிருந்து பார்ஸி வாலிபர் அறுவர் சைக்கிளில் உலகம் சுற்றப் புறப்பட்டனர். அவர்களுள் அடி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா என்னும் மூவர், பாரசீகத்தின் மலைகளையும் மேற்காசியாவின் மணற்பரப்பையும் காலால் மிதித்தே கடந்து, 1928-இல் பம்பாய்க்குத் திரும்பி வந்தனர். அடிமை நாட்டுப் பிரஜைகள் எந்தத் துணிவும் அற்றவர்கள் என்று பிறர் எண்ணிய காலத்தில் அவர்கள் காட்டிய ஆண்மை அது. பின்னர் 1955-இல் நமது திருவொற்றியூரிலேயே என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது. இமயத்தின் எல்லைச் சாலைகளில் இன்று ஓடும் புல்லட் வண்டிகளுக்கு நம் தமிழ்நாட்டுக் கடற்கரையே பிறந்தகம் என்பதை எண்ணி மகிழாதார் யார்?

ஆயின் மலையிலும் மணலிலும் வண்டி ஓட்டி மகிழும் வாலிபர் ஒரு கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டும் என்பது நமது விருப்பம். தாம் ஓட்டிச் செல்லும் சாலை யாருடையது? லடாக்கின் சாலைகளை அமைத்துக் காத்துவருவது 1960-இல் ஏற்பட்ட எல்லைச் சாலைகள் ஸ்தாபனம். அதன் கீழ்ப் பனியிலும் குளிரிலும் கல் உடைப்பவர்களில் பெருந்தொகையினர் ஜார்க்கண்டு நாட்டு ஏழைக் கூலிகள். வரி செலுத்தும் குடியானவனின் பணமும் கூலியாளின் உடலும் சேர்ந்தே சாலையாகின்றன. ஆகவே சாலை எல்லாருடைய சொத்து. எல்லாரும் தடையின்றி அதன்மீது செல்லவும், சென்றவர் எல்லாரும் உயிரோடு வீடு திரும்பவும் கூடிய நாட்டையே சுதந்திர நாடு என்று நாம் மதிப்போம்.

இக்கொள்கைக்காக நம் முன்னோர் சிறை சென்றிருக்கின்றனர். 1924-இல் நடந்த வைக்கம் சத்தியாக்கிரகம் கோயிலைச் சுற்றிய சாலைகளில் நடக்கும் உரிமையைக் கோரியே எழுந்தது. அப்பொழுது தமிழ்நாட்டுக் காங்கிரஸின் தலைவராயிருந்த ஸ்ரீ ஈ. வெ. ராமசாமி அதில் கலந்து சிறைவாசம் செய்தார். 1925-இல் மூன்று பக்கத்துச் சாலைகள் திறந்தன. எஞ்சியது திறக்க 1936-ஆம் வருஷத்து ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரையில் காத்திருக்கவேண்டியதாயிற்று. பின்னர் எழுந்த நமது அரசியல் சட்டம், அதன் 15-வது ஷரத்தின் 2-வது பிரிவில், கிணறு குளங்களோடு சாலையையும் சேர்த்து, ஜாதி காரணமாக எவரையும் அவற்றினின்று தடுக்கலாகாது என்று விதித்திருக்கிறது. சட்டம் செய்தோர் சாலையின் பெருமையை நன்கு உணர்ந்திருந்தனர்.

அஃதெல்லாம் பழங்கதை, இப்பொழுது எவர் எவரைத் தடுக்கின்றனர் என்று வினவும் அன்பர்கள் நமது அண்டை ஜில்லாவைப் பார்க்கக் கடவர். 2025 பெப்ரவரியில் சிவகங்கை ஜில்லாவில் ஆதிதிராவிட மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டிச் சென்றதைப் பொறாமல் செய்த கொடுமை இது என்பது குடும்பத்தாரின் புகார். வழக்கின் முடிவைக் கூறவேண்டியது நியாயஸ்தலம். ஆயினும் அப்புகாரைக் கேட்டபொழுது இப்படியும் நடக்குமா என்று வியந்தவர் நம்மிடையே மிகச் சிலரே என்பதில் நாம் வெட்கப்படவேண்டும். தாழ்த்தப்பட்டோர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம், பொது இடத்தில் ஒருவர் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏறிச் செல்வதைத் தடுப்பதைத் தனிக் குற்றமாகவே எழுதியிருக்கிறது. இத்தகைய சட்டம் ஏன் வேண்டியிருந்தது? தன் வண்டியில் ஏறித் தன் தெருவைக் கடப்பதற்கே ஒருவன் அஞ்சும் ஊர்கள் இருந்தன, இருக்கின்றன என்பதனாலேயே. கொல்லிமலை ஏறி வந்த வீரத்தை முகப்படங்களில் காட்டும் நண்பர்கள், தம் கூட்டத்தில் சேரியைச் சேர்ந்த தோழர் எத்தனைபேர் என்று எண்ணிப் பார்ப்பார்களாக.

ஜாதியைப் போலவே ஆண் பெண் என்னும் வேறுபாடும் சாலைக்கு வேலி போட்டது. அவ்வேலியை உடைத்த பெருமை நமது புதுக்கோட்டைக்கு உரியது. இவ்வூர் பெற்ற முத்துலட்சுமி அம்மையார் ஆண்களின் கல்லூரியாயிருந்த மகாராஜா கல்லூரியிற் சேர்ந்து பயின்று, 1912-இல் வைத்தியப் பட்டம் பெற்று, 1927-இல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவரானவர். ஓர் அம்மையார் திறந்த வழியில் ஒரு லட்சம் ஸ்திரீகள் புறப்பட்ட கதை 1991-இல் தொடங்குகிறது. அவ்வருஷம் இந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் எழுந்தது. அப்பொழுது கலெக்டராயிருந்த ஸ்ரீமதி ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டும் பயிற்சியையும் கிராமத்துப் பெண்களுக்கு அளிக்க முற்பட்டார். வயலில் கூலி வேலை செய்வோரும், கல்லுடைப்போரும், பள்ளி ஆசிரியைகளும், கிராமத் தாதிகளும் கற்க வந்தனர். ஆடவர் சிலர் ஏளனம் பேசினர், அவர்கள் பொருட்படுத்தவில்லை. பெண்களுக்கான சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோகவே, ஆண்களின் சைக்கிளிலேயே ஏறினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதனால் அதையே விரும்பியவரும் உண்டு. 1992 மார்ச்சு மாதத்துச் சர்வதேச மகளிர் தினத்தில் 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டை வீதிகளை நிறைத்தனர். குறுகிய காலத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் ஓட்டக் கற்றனர் என்று பத்திரிகையாளர் ஸ்ரீ சாயிநாத் 1996-இல் வெளிவந்த தமது நூலில் எழுதிவைத்திருக்கிறார்.

அப்பெண்கள் அடைந்த நன்மை யாது? பஸ் வரும்வரை மர நிழலில் காத்திருப்பது ஒழிந்தது. தகப்பனையோ கணவனையோ மகனையோ அழைத்துக்கொண்டுதான் பஸ் நிறுத்தத்துக்குப் போகவேண்டும் என்ற நிலை ஒழிந்தது. விளைந்த பொருளைச் சந்தைக்குக் கொண்டுசென்று, விற்று முடிந்ததும் அவசரமின்றித் திரும்ப முடிந்தது. குடிநீர் சுமக்கும் நேரம் குறைந்தது. சில மைல்களுக்குள் அவர்கள் செய்த பிரயாணம் லடாக்குப் பிரயாணத்தினும் பெரிது என்பது நமது தீர்மானமான அபிப்பிராயம். ஏனெனில் லடாக்குக்குச் செல்பவன் குளிரையும் உயரத்தையும் வெல்கிறான். இவர்கள் ஊராரின் வாயை வென்றனர். அத்தகைய ஊரில், விடுமுறைப் பிரயாணம் செல்லும் கூட்டங்களில் பெண்கள் அரிதாயிருப்பதும், இருந்தாலும் பின் இருக்கையில் மாத்திரம் இருப்பதும் பொருத்தமாகுமா?

இனி உயிரைப் பற்றிய பேச்சு. மத்திய ஸர்க்காரின் கணக்கின்படி 2022-ஆம் வருஷத்தில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். இவர்களில் இரு சக்கர வண்டியில் சென்றோர் 74,897 பேர். நாளொன்றுக்கு 200-க்கு மேல். அவ்வருஷத்தில் தலைக்கவசம் அணியாமையால் இறந்தவர் 50,029 பேர். இதில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். விபத்துக்களின் எண்ணிக்கையில், 64,105 என்ற கணக்கோடு, மாகாணங்களுக்கெல்லாம் முதலாக நின்றது நமது தமிழ்நாடு. இந்த முதன்மையை எவர் விரும்புவர்? யுத்தத்தில் இத்தனை உயிர் போயிருந்தால் நாடே கொந்தளித்திருக்கும். சாலையில் போவதனால் விதி என்று சொல்லிக் கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறோம்.

இவ்விடத்தில் நமது அரசியல் நண்பர்களையும் நாம் கண்டிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். தலைவர் வந்தால் மோட்டார் சைக்கிள் ஊர்வலம், தேர்தல் வந்தால் மோட்டார் சைக்கிள் ஊர்வலம். ஒரு வண்டியில் மூவர், கையில் கொடி, தலையில் கவசம் இல்லை. எந்தக் கட்சியும் இதற்கு விலக்கு அன்று. சட்டத்தைச் செய்யச் சட்டசபைக்குப் போகிறவர்கள், போகும் வழியிலேயே சட்டத்தை மிதிக்கலாமா? தொண்டனின் தாய்க்கு எந்தக் கட்சி மகனைத் திருப்பித் தரும்?

சட்டத்தை அறியாமையும் உயிர் போவதற்கு ஒரு காரணம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, ஓட்டுபவருக்கு மாத்திரமன்றிப் பின் இருப்பவருக்கும் கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது 189-வது பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சிறுவனிடம் வண்டியைக் கொடுத்து அவன் குற்றம் செய்தால், 2019-இல் சேர்த்த 199-ஏ பிரிவு, பெற்றவருக்கு அல்லது வண்டியின் சொந்தக்காரருக்கு 3 வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது. இவற்றினும் முக்கியமானது 134-ஏ பிரிவு. விபத்தில் விழுந்தவனை நல்லெண்ணத்தோடு ஆஸ்பத்திரியிற் சேர்ப்பவன் மீது வழக்குத் தொடர முடியாது. அவனது பெயரைக் கூறும்படி வற்புறுத்தவும் இயலாது. போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் அலைய நேரிடும் என்று அஞ்சி, குற்றுயிராய்க் கிடப்பவனைக் கடந்து செல்வோர் இதனை மனனம் செய்துகொள்வார்களாக.

வாலிபர்களுக்கு நாம் கூறும் யோசனை எளியது. தூரத்து மலைக்குப் போகுமுன் பக்கத்துக் குன்றுக்குப் போங்கள். பட்டணத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல் இருக்கிறது. அங்கே சமண முனிவரின் கற்படுக்கைகளையும், தமிழ்ப் பிராமி எழுத்தையும், தாமரைக் குளத்து ஓவியத்தையும் காணலாம். அப்பாற் சென்றால் குடுமியான்மலையில் சங்கீதக் கல்வெட்டு. நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சரம். கொடும்பாளூரில் மூவர் கோயில் என்னும் பெயரோடு எஞ்சி நிற்கும் இரண்டு விமானங்கள். தெற்கே திருமயம் சென்றால் சேதுபதி கட்டிய கோட்டையைக் காணலாம். 1887-இல் தீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊர் அதுவே. செம்மண் சாலையும் கண்மாய்க் கரையும் முந்திரிக் காடும் கோடை வெயிலில் பாலையாகவே தோன்றும். மழைக்குப் பின் அதே வழியை முல்லையாகக் காணலாம். போகும் கூட்டத்தில் எல்லா ஜாதியாரும் இருக்கட்டும். தங்கையும் தமக்கையும் தத்தம் வண்டியைத் தாமே ஓட்டி வரட்டும். ஒவ்வொரு தலையிலும் கவசம் இருக்கட்டும். வழியில் விழுந்து கிடப்பவனைக் கண்டால் முதலில் உங்கள் வண்டி நிற்கட்டும்.

1948 மார்ச்சில் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தபொழுது, இந்நாட்டுச் சாலைகளில் அரசர்க்கு என்று ஒரு வழியும் குடிகளுக்கு என்று ஒரு வழியும் இல்லை என்றாயிற்று. அச்சாலையில் இன்னும் மறித்து நிற்கும் ஜாதிச் செருக்கையும் ஆண் செருக்கையும் அஜாக்கிரதையையும் அகற்றுவது சைக்கிள் ஏறிய அப்பெண்களின் மக்களும் பேரருமாகிய இந்தத் தலைமுறையின் கடமை. அடுத்த சனிக்கிழமையே தொடங்குக!