காளானும் ஓசோனும்

கொய்தபின்னும் காளான் சுவாசிக்கின்றது. அதன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 90 பங்கு நீரே. அந்நீரைக் காக்கும் தடித்த தோலும் அதற்கில்லை. ஆதலின், கல்குடா போன்ற வெப்பமிக்க கடற்கரையூர்களில் அது ஓரிரு நாளிலேயே கறுத்து வழுவழுத்துச் சந்தைக்கு உதவாது போகும்; பயிரிட்டோர் உழைப்பும் அதனோடு அழியும்.

இதற்கு ஒரு காப்பு ஓசோன். 1840இல் சேன்பைன் என்னும் இரசாயன அறிஞர் கண்டறிந்த இவ்வாயுவின் மூலக்கூற்றில் மூன்று ஒட்சிசன் அணுக்கள் உள. அவற்றுள் ஒன்று எளிதிற் பிரிந்து, பற்றீரியாக்களையும் பூஞ்சணங்களையும் தாக்கி அழிக்கும், எஞ்சுவது ஒட்சிசனே.

ஆயினும் காளானும் பூஞ்சண இனமே. அளவு மிகின் அதன் குடையே பழுப்பேறும். மனிதர் நுரையீரலுக்கும் இவ்வாயு தீங்கானது. எனவே, ஆளில்லா மூடிய அறையிலேயே செலுத்தல் வேண்டும். காளானின் சுவாசத்தைத் தணிப்பது குளிர். ஆகவே குளிரே முதற் காவல். அளவறிந்த ஓசோன் அதற்குத் துணை.