கருக்கலைப்பு: கணவர் கையெழுத்து வேணுமா? சட்டம் என்ன சொல்கிறது, விவாதம் எங்கே நிற்கிறது?

திருப்பூணித்துறையில் அறை எடுத்துத் தங்கி, காக்கநாடு இன்போபார்க்கில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப் பெண் என்று வைத்துக்கொள்வோம். நாள் தள்ளிப்போகிறது. டெஸ்ட் கிட்டில் இரண்டு கோடு. இந்தக் கர்ப்பம் இப்போது வேண்டாம் என்று முடிவெடுத்து மருத்துவமனைக்குப் போகிறார். அங்கே முதல் கேள்வி: "ஹஸ்பண்ட் வரலையா? அவர் கையெழுத்து வேணுமே."

வேணுமா? வேண்டாம். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும். 18 வயதுக்குக் கீழே இருந்தாலோ, மனநலப் பாதிப்பு இருந்தாலோதான் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை.

இதைத் தெளிவாகச் சொன்னது, திருப்பூணித்துறைக்குப் பக்கத்திலேயே எர்ணாகுளத்தில் இருக்கும் கேரள உயர் நீதிமன்றம். 2022 செப்டம்பரில் ஒரு பெண் அங்கே வழக்குப் போட்டார். கணவர் வீட்டுக் கொடுமையால் பிரிந்து வந்தவர். கர்ப்பம் 20 வாரத்தைத் தாண்டியிருந்தது. மருத்துவர்கள் விவாகரத்து ஆவணம் கேட்டார்கள். கணவரின் அனுமதி வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை, கர்ப்பத்தின் சுமையையும் பிரசவ வலியையும் தாங்குவது பெண்தான் என்றார் நீதிபதி வி.ஜி. அருண். மணவாழ்க்கை தலைகீழாக மாறியிருந்தால் போதும், விவாகரத்துத் தீர்ப்பு கையில் இருக்க வேண்டியதில்லை என்று சொல்லி அனுமதியும் கொடுத்தார்.

அப்போ இது உரிமையா, குற்றமா?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். இந்தியாவில் கருக்கலைப்பு இன்றைக்கும் அடிப்படையில் ஒரு குற்றம். 1860-ன் இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த பிரிவு 312, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 88 ஆகியிருக்கிறது. தண்டனை 3 ஆண்டு வரை. கரு அசையும் நிலையை எட்டியிருந்தால் 7 ஆண்டு வரை. தானே கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதில் அடக்கம்.

அந்தக் குற்றத்துக்கு ஒரு விதிவிலக்காக வந்ததுதான் 1971-ன் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம். சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரைப்படி வந்த இந்தச் சட்டம், முதலில் மருத்துவருக்குத்தான் பாதுகாப்பு கொடுத்தது. அதாவது, "எனக்கு வேண்டாம்" என்று பெண் சொன்னால் மட்டும் போதாது. கர்ப்பம் தொடர்ந்தால் அவருடைய உயிருக்கோ, உடல் அல்லது மன நலத்துக்கோ ஆபத்து என்று மருத்துவர் கருத வேண்டும்.

எத்தனை வாரம் வரை?

2021-ல் திருத்தப்பட்ட பிறகு நிலைமை இது:

• 20 வாரம் வரை: ஒரு மருத்துவரின் கருத்து போதும். கருத்தடை முறை தோற்றதும் ஒரு காரணமே. பழைய சட்டத்தில் இருந்த "கணவர்" என்ற சொல் நீக்கப்பட்டு "துணைவர்" என்ற பொருளில் மாற்றப்பட்டது.
• 20 முதல் 24 வாரம்: இரண்டு மருத்துவர்கள். பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள், சிறுமிகள், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள், மாற்றுத்திறனாளிகள் எனச் சில பிரிவினருக்கு மட்டும்.
• 24 வாரத்துக்கு மேல்: கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் சொன்னால் மட்டும்.
• தாயின் உயிரை உடனே காப்பாற்ற வேண்டிய நிலை என்றால் வார வரம்பு கிடையாது.

ஒன்றைக் கவனியுங்கள். வாரக்கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. நாள் தள்ளி டெஸ்ட் எடுக்கும்போதே 4, 5 வாரம் ஓடியிருக்கும்.

திருமணம் ஆகலைன்னா?

ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் ஒரே சட்டம்தான். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. 24 வாரம் வரையிலான வாய்ப்பைத் திருமணமாகாத பெண்ணுக்கு மறுப்பது பாகுபாடு என்றது. கணவர் கட்டாயப்படுத்தியதால் உண்டான கர்ப்பமும், இந்தச் சட்டத்தின் தேவைக்கு மட்டும், வன்புணர்வால் உண்டானதாகவே கருதப்படும் என்றும் தீர்ப்பளித்தது.

அப்போ அறம் எங்கே இடிக்கிறது?

கருத்தரித்த நொடியிலிருந்தே அது ஓர் உயிர் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாடு. கொச்சியில் அந்தக் குரலுக்கு வலு அதிகம். என் உடலில் நடப்பதற்கு என் சம்மதமே முதல் என்பது எதிர்த்தரப்பு. 2009-லேயே உச்ச நீதிமன்றம், குழந்தை பெறுவதும் பெறாமல் இருப்பதும் அரசியல் சாசனப் பிரிவு 21 தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று சொல்லிவிட்டது.

இரண்டும் நேருக்கு நேர் மோதியது 2023 அக்டோபரில். இரண்டு குழந்தைகளின் தாய், பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர், தன் 26 வாரக் கர்ப்பத்தைக் கலைக்க அனுமதி கேட்டார். முதலில் அனுமதி கிடைத்தது. பிறகு எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர், கரு உயிரோடு பிறக்க வாய்ப்பு இருக்கிறது, அதன் இதயத்துடிப்பை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். நீதிபதி ஹிமா கோலி தன் மனசாட்சி இடம் தரவில்லை என்றார், நீதிபதி பி.வி. நாகரத்னா, அந்தப் பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும் என்றார். கடைசியில் மூன்று நீதிபதிகள் அமர்வு அனுமதி மறுத்தது. 24 வாரம் கடந்துவிட்டது, கருவில் குறைபாடு இல்லை, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். யார் பக்கம் நியாயம்? நீங்களே யோசித்துப் பாருங்கள், சுலபமான பதில் கிடைக்காது.

பக்கத்து நாட்டையும் பாருங்கள். இலங்கையில் 1883-ன் தண்டனைச் சட்டப்படி தாயின் உயிரைக் காக்க மட்டுமே அனுமதி. அமெரிக்காவில் 1973-ல் கிடைத்த உரிமையை 2022 ஜூனில் நீதிமன்றமே திரும்பப் பெற்றது.

எண்கள் சொல்லும் கதை

'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த ஆய்வின் கணக்கில், 2015-ல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1.56 கோடி. அதில் மருத்துவமனைகளில் நடந்தவை 22 சதவீதம்தான். 73 சதவீதம் பேர் வெளியே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள். சட்டப்படி இந்த மாத்திரை 9 வாரம் வரை, மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டும். அதாவது 50 ஆண்டுகளாகச் சட்டம் இருந்தும், பெரும்பாலானோர் அதன் பாதுகாப்புக்கு வெளியேதான் நிற்கிறார்கள். அந்த வரவேற்பில் கேட்கப்படும் கேள்விகளுக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல முடியுமா?

உங்களுக்கோ தோழிக்கோ தேவைப்பட்டால்

கணவர் கையெழுத்து கேட்டால், எந்தச் சட்டப்பிரிவில் இருக்கிறது என்று கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் விவரத்தை அனுமதியில்லாதவரிடம் மருத்துவர் வெளியிட்டால், அவருக்கு ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். நீதிமன்றம் போக வேண்டிவந்தால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்டப்பணிகள் ஆணையம் இலவச உதவி தரும். ஆனால் எதையும் தள்ளிப்போடாதீர்கள். இந்தச் சட்டத்தில் ஒவ்வொரு வாரமும் கணக்கு.