பவர் டில்லரா, மினி டிராக்டரா?

செந்துறை வட்டாரத்தில் உழவு மாடு வைத்திருப்போர் அருகிவிட்டனர். மானாவாரி நிலத்தில் மழை ஈரம் காயுமுன் உழுதாக வேண்டும். வாடகை டிராக்டரோ பெரிய நிலக்காரர்களை முடித்துவிட்டுத்தான் இரண்டு ஏக்கர்காரரிடம் வருகிறது. எனவே, கடன் வாங்கியாவது சொந்தமாக ஒரு சிறு பொறி வைத்துக்கொள்ளலாமா என்று விவசாயிகள் பலர் கேட்கின்றனர். அவர்கள் முன் இருப்பவை இரண்டு: 12, 13 குதிரைத் திறன் கொண்ட பவர் டில்லர், 20 குதிரைத் திறனுக்கு உட்பட்ட மினி டிராக்டர்.

விலையில் பவர் டில்லர் ஏறக்குறையப் பாதிதான். ஆனால் அதன் பின்னால் நடக்க வேண்டும். அதன் சுழல் கலப்பை ஒரு தடவைக்குச் சுமார் 60 சென்டிமீட்டர் அகலம் உழும். ஓர் ஏக்கரை முடிக்க ஏறத்தாழ 6.7 கிலோமீட்டர் நடை. அதாவது நான்கு, ஐந்து மணி நேரம், கைப்பிடி அதிர அதிர. இளைஞருக்கு இது பெரிதல்ல; ஐம்பதைத் தாண்டியவர் மறுநாள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். ஒரு மீட்டர் ரோட்டவேட்டர் பூட்டிய மினி டிராக்டர் அதே ஏக்கரை இரண்டு மணியில், ஓட்டுபவர் உட்கார்ந்தபடியே முடிக்கும்.

நிலமும் பயிரும் எது என்று பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது. ஏரிப் பாசனத்திலும் வெள்ளாற்றங்கரையிலும் நெல் வைப்போருக்குப் பவர் டில்லரே உகந்தது. கூண்டுச் சக்கரம் மாட்டிவிட்டால் சேற்றில் எளிதில் புதையாது. சிறு வயலிலும் வரப்போரம் வரை உழும். செம்மண் முந்திரித் தோப்புகளில் 7 மீட்டர் இடைவெளி உள்ளதால் மினி டிராக்டர் தாராளமாகப் புகும். ஆனால் தாழ்ந்த கிளைகளை முதலில் கழித்துவிட வேண்டும். இல்லையேல் ஓட்டுபவர் முகத்தில்தான் அடிக்கும். ஐந்தடிப் பாரில் நட்ட கரும்புக்கும் குறுகலான மினி டிராக்டர் ஏற்றது. 60 சென்டிமீட்டர் இடைவெளி மக்காச்சோளத்தில் களையெடுக்க இரண்டுமே உதவா. அதற்குப் பவர் வீடர்தான்.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. சுழல் கலப்பை மேல் மண்ணைப் பொடியாக்குமே தவிர ஆழம் போகாது. ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுதால் அடியில் மண் இறுகி, மழை நீர் இறங்காமல் ஓடிவிடும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பெரிய டிராக்டரை வாடகைக்கு அமர்த்தி உளிக்கலப்பை ஓட்டத்தான் வேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். நான்கு ஏக்கரில் ஆண்டுக்கு இரண்டு பயிர், பயிருக்கு மூன்று உழவு என்றால் மினி டிராக்டருக்குக் கிடைக்கும் சொந்த வேலை சுமார் 50 மணி நேரமே. வாடகை மணிக்கு 1,000 ரூபாய் என்று வைத்தாலும் மிச்சம் 50,000 ரூபாய். 4 லட்சம் ரூபாய் கடனுக்கு 10 சதவீத வட்டி என்றால் முதலாண்டு வட்டி மட்டும் 40,000 ரூபாய். டீசலுக்கு எட்டு, ஒன்பதாயிரம் ஆகும். அசலும் பழுதுச் செலவும் எங்கிருந்து வரும்? அக்கம்பக்கத்தில் ஆண்டுக்கு இன்னும் 200 மணி வேலையாவது பிடிக்க முடியும் என்பவரே மினி டிராக்டரைத் தொடலாம். அல்லது பங்காளிகள் மூன்று நான்கு பேர் சேர்ந்து வாங்கலாம். யாருக்கு எந்த நாள் என்பதை வாங்கும் முன்பே எழுதி வைத்துக்கொண்டால் பிற்பாடு மனத்தாங்கல் வராது. இரண்டுக்கும் வழியில்லாதவர், வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடும் இயந்திரங்களை உழவன் செயலி வழியே பதிவு செய்து பயன்படுத்துவதே மேல். 'சொந்த வண்டி' என்ற பெருமைக்காக நகையை அடகு வைப்பதை நான் ஒப்ப மாட்டேன்.

பவர் டில்லர் வாங்குவோர் ஓட்டுவதில் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுழல் கத்தி ஓடும்போது பின்னோக்கி எடுக்கவே கூடாது; காலை வாங்கிவிடும். டிரெய்லரில் பாரத்தோடு சரிவில் இறங்கும்போது வலப்பக்கக் கிளட்சைப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். சமதரையில் பழகிய கை இதில் ஏமாந்து போகும். எனவே சரிவில் கிளட்சைத் தொடாமல், கைப்பிடியைத் தள்ளித்தான் திருப்ப வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர் சாலையில் இரவில் டிரெய்லர் ஓட்டாதிருப்பது நல்லது. ஓட்டியே ஆகவேண்டுமானால் பின்புறம் ஒளிரும் பட்டை ஒட்டுக.

2025 செப்டம்பர் 22 முதல் சிறு டிராக்டர்களுக்கும் உழவு இயந்திரங்களுக்கும் சரக்கு சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துள்ளது. விற்பனையாளர் தரும் பட்டியலில் இதைச் சரிபார்க்கவும். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், மகளிர், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம் வரையிலும், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையிலும் உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. எந்த மாடலுக்கு எவ்வளவு என்பதை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டு, அனுமதி கையில் வந்தபின் பணம் கட்டுங்கள். முன்கூட்டியே வாங்கிவிட்டு மானியம் கேட்டால் கிடைக்காது. பணம் கட்டுமுன் விற்பனையாளரை உங்கள் நிலத்திலேயே அரை ஏக்கர் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். உதிரிப் பாகம் அரியலூரிலோ ஜெயங்கொண்டத்திலோ கிடைக்கிறதா என்று கடையில் நேரில் போய் விசாரியுங்கள்.