பேரப்பிள்ளைக்குத் திறந்த கதவு
மலையகத்து முதுமை – 6

பசறை, மடுல்சீமை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் கிளினிக் நாள் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். சீனி வருத்தத்துக்கு வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும். அதனால் தேத்தண்ணிகூடக் குடிக்காமல், கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு மேட்டு லயத்திலிருந்து பாதைக்கு இறங்குவார்கள். எல்லோரும் அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்கள். முதல் பஸ் போய்விட்டால் ஆட்டோதான். நம்பர் எடுக்க ஒரு வரிசை, டொக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மருந்து வாங்க இன்னொரு வரிசை. வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். இத்தனையும் ஒரு மாத மாத்திரைக்காக. ஆட்டோவுக்குக் காசில்லாத மாதத்தில் கிளினிக்கும் இல்லை, மாத்திரையும் இல்லை. பிரஷர் மாத்திரை நின்றுபோனதை உடம்பு உடனே காட்டிக்கொடுக்காது. கை கால் இழுத்துக்கொள்ளும் நாளில்தான் வீட்டாருக்குத் தெரியவரும்.

இலங்கையில் 65 வயதைக் கடந்தவர்கள் 2012 குடிசன மதிப்பீட்டில் நூற்றுக்கு 7.9 பேர். 2024இல் அது 12.6 ஆகிவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு நாடு இவ்வளவு மூப்படைவது சாதாரண விடயமல்ல. தோட்டங்களில் இதன் பாரம் இன்னும் கூடுதல். வேலை செய்யும் வயதிலுள்ள பிள்ளைகள் கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட, லயத்துக் காம்பராவில் மிஞ்சுவது பாட்டியும் பேரப்பிள்ளையும்தான். இந்த இருவரில் பேரப்பிள்ளைக்கு மட்டும் அரசும் தோட்டமும் சேர்ந்து வாசல்வரை வந்து கவனிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. பாட்டிக்கு அது ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் முதற்கொண்டு, தோட்டத்து மருத்துவம் என்பது வேலையாட்களை வேலைக்குத் தகுதியாக வைத்திருக்கும் ஏற்பாடாகவே வளர்ந்தது. டிஸ்பென்சரியின் கவனம் செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் பேர் உள்ளவர் மீது இருந்தது. பேர் வெட்டி, சேவைக்காலப் பணமும் ஈ.பி.எஃப். காசும் கைக்கு வந்த பிறகு அந்த மனிதரின் முழங்காலைப் பற்றியோ கண்ணைப் பற்றியோ யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை.

ஆனால் அதே தோட்டங்கள் இன்னொன்றைச் சாதித்துக் காட்டியுமிருக்கின்றன. 1970களில், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கு மேற்பட்டவை முதல் பிறந்தநாளைக் காணாமல் இறந்த ஆண்டுகள் தோட்டத்தில் உண்டு. இன்று அந்த நிலை இல்லை. தாய் தானாகக் கிளினிக்குக்கு வரட்டும் என்று அன்று காத்திருந்திருந்தால் இந்த மாற்றம் வந்திராது. மருத்துவ மாது கொப்பியோடு லயம் லயமாக ஏறினார். கர்ப்பிணி யார், எத்தனையாவது மாதம், எந்தப் பிள்ளையின் நிறை குறைகிறது என்று வீட்டுக்கு வீடு எழுதிவைத்தார். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் நிறுவை வந்தது, தடுப்பூசி வந்தது. தேடிப்போகும் மருத்துவம் எப்படி வேலை செய்யும் என்பதற்கு மலையகம் வெளியே உதாரணம் தேட வேண்டியதில்லை.

கொழுந்து பறித்த உடம்பு முதுமைக்குள் எதையெல்லாம் சுமந்து வருகிறது என்று பார்ப்போம். தலையில் பட்டி போட்டுக் கூடையைத் தொங்கவிட்டதால் கழுத்திலும் தோளிலும் தேய்வு. சரிவில் ஏறி இறங்கிய முழங்கால். விறகடுப்புப் புகையில் கழிந்த காலை மாலைகள் நுரையீரலைக் கெடுத்திருக்கும்; கண்புரைக்கும் அந்தப் புகைக்கும் தொடர்பு உண்டு. குளிருக்கும் பசிக்கும் துணையாக வாயில் அடக்கிய வெற்றிலை, பாக்கு, புகையிலை வாய்ப்புற்றுக்கு வழி திறக்கும். இரத்தசோகை இளமையிலிருந்தே இருக்கும். ரொட்டியைத் தின்ற கையோடு குடிக்கும் சாயத் தேத்தண்ணி, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. ஒரு மணிநேரம் தள்ளிக் குடித்தாலே வித்தியாசம் தெரியும். தேயிலை விளைவிக்கிறவர்களிடம் போய் இதைச் சொல்ல மனம் கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்று இதைவிட ஆபத்தானது, பலர் கவனிக்காதது. முப்பது நாற்பது ஆண்டுகள் மலை ஏறியவர் பேர் வெட்டிய மறுநாளிலிருந்து இஸ்தோப்பில் குந்திவிடுகிறார். தசை வேகமாகக் கரையும். பருப்பு, முட்டை, கருவாடு குறைந்த சாப்பாட்டில் அது திரும்ப வளராது. பிறகு தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகும் படியில் ஒரு வழுக்கல், இடுப்பெலும்பு முறிவு, கட்டில். வயதானால் இப்படித்தான் என்று ஊர் சொல்லிவிடுகிறது. அப்படி அல்ல. இதில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது.

எப்படி? உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட கைநூல் ஒன்று முதியவர்களிடம் ஆறு விடயங்களைப் பார்க்கச் சொல்கிறது: நடமாட்டம், நினைவு, ஊட்டம், பார்வை, செவிப்புலன், மனநிலை. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 14 வினாடிக்குள் முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் கால்தசை பலவீனம், விழுகிற ஆபத்து. மூன்று சொற்களைச் சொல்லிச் சற்றுக் கழித்துத் திருப்பிக் கேளுங்கள். மூன்று மாதத்தில் மூன்று கிலோவுக்கு மேல் மெலிந்தாரா, சாப்பாட்டில் ஆசை போய்விட்டதா? பின்னாலிருந்து மெல்லச் சொன்னது காதில் விழுகிறதா? இரண்டு வாரமாக மனம் சோர்ந்து எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறாரா? இவற்றைக் கேட்க டொக்டர் தேவையில்லை. பயிற்சி பெற்ற ஒரு தோட்டத்துப் பெண், கையில் ஒரு மணிக்கூடு, சுவரில் ஒரு பார்வை அட்டை இருந்தால் போதும்.

பிள்ளைக்காம்பராவை இதற்குப் பயன்படுத்த முடியும். கட்டடம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, அங்கே வேலை செய்யும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு ஒவ்வொரு குடும்பமும் அத்துப்படி. மாதத்தில் ஒரு பின்னேரம் பிள்ளைகள் போன பிறகு பெரியவர்களுக்கு அதைத் திறந்துவிடலாம். பிரஷர் பார்த்து, வாயைத் திறந்து பார்த்து, எழுந்து உட்காரும் பயிற்சியை எல்லோரும் சேர்ந்து செய்யட்டும். தனியாகச் செய்யச் சொன்னால் மூன்றாம் நாள் விட்டுவிடுவார்கள். கூட்டமாகச் செய்தால் கதை பேசவாவது வருவார்கள்.

சுகாதார அமைச்சின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் 2011 முதல் இத்தகைய பரிசோதனைகளைச் செய்துவருகின்றன. 35 வயதிலிருந்தே நிறை, பிரஷர், சீனி, வாய் எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் பகல் நேரத்தில் வைத்தியசாலையில் நடக்கும் ஒன்றுக்கு, பேர் போட்டால்தான் சம்பளம் என்றிருக்கிற தொழிலாளி வருவது எப்படி? நாற்பதில் பிடிக்க வேண்டிய பிரஷர் அறுபதில் பக்கவாதமாக வந்து நிற்கிறது. கொழுந்து நிறுக்கும் இடத்துக்கே அந்தக் குழு ஒரு நாள் வந்தால் இந்தக் கதை மாறும்.

தமிழ்நாட்டில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். 2021 ஆகஸ்ட் 5ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், அந்தந்த ஊர்ப் பெண்களே தன்னார்வலர்களாகப் பயிற்சி பெற்று, பிரஷருக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலில் கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாய் இருப்பவரிடம் இயன்முறை மருத்துவர் வீடு தேடிப் போகிறார். 2024இல் அந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது. விருதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, மாத்திரை கொண்டுவருபவர் நோயாளியின் மொழியிலேயே பேசுகிறார் என்பது. பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. ஆனாலும், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று தமிழில் சொல்ல ஆளில்லாமல் திரும்பும் பாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள். மருந்து உறையில் எழுதியிருப்பதைப் பள்ளிக்கூடம் போகும் பேத்திதான் வாசித்துச் சொல்கிறாள்.

வீட்டுக்கே மருந்து என்பது இலங்கைக்கும் புதிதல்ல. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது கிளினிக் நோயாளிகளுக்குத் தபால் மூலம் மருந்து அனுப்பினார்கள். அவசரத்தில் பிறந்த யோசனை, ஆனால் அருமையானது; அதை நிரந்தரமாக்கினால் முதியவர்களுக்கு மாதாமாதம் ஒரு நாளும் ஆட்டோக் காசும் மிச்சம். தோட்டத்தில்தான் அது இடறும். லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஒபீசுக்கு வந்து, அங்கிருந்து கை மாறிக் கை மாறி, வந்தால் வந்தது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் 2018க்குப் பிறகு ஊவாவுக்கும் ஓடுகிறது. அதை அழைக்கும்போதும் இதே சிக்கல்தான்: எந்த டிவிசன், எந்த லயம், வண்டி எதுவரை வரும்? நெஞ்சுவலிக்காரரை மகன் தோளில் போட்டு இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஃபோனில் வழி சொல்வது யார்? ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கமும் ஒவ்வொரு லயப் பாதைக்கும் ஒரு பெயரும் கொடுப்பதை நான் மருத்துவச் செலவாகவே கணக்கிடுவேன்.

முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. எழுபது வயதைக் கடந்த வறியவர்களுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025இல் 5000 ரூபாவாக உயர்ந்தது. கிராமந்தோறும் முதியோர் சங்கம் அமைக்க வழி உண்டு. அது தோட்டத்து டிவிசன்தோறும் அமைந்தால், பிள்ளைக்காம்பராவின் பின்னேரத்தைக் கேட்டு வாங்க ஓர் அமைப்பு கிடைக்கும்.

பிறகு அந்தப் படிகள். லயத்திலிருந்து பாதைக்கும் பீலிக்கும் இறங்கும் மண்படிகளுக்குச் சீமெந்தும் ஒரு கைப்பிடிக் குழாயும் போட்டால் எத்தனையோ இடுப்பெலும்புகள் தப்பும். தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்று பிரதேச சபைகள் முன்பு கைவிரித்தன. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்ட பிறகு அந்தத் தடை நீங்கிவிட்டது. பசறையிலும் ஹப்புத்தளையிலும் ஹல்துமுல்லையிலும் அடுத்த வரவு செலவுத் திட்டம் சபைக்கு வரும்போது, நம்முடைய உறுப்பினர்கள் எழுந்து கேட்க வேண்டியது அந்தக் கைப்பிடிக் குழாய்களுக்கான பணத்தைத்தான்.

(தொடரும்)