பாவுப் பின்னலில் நூலின் இழுவை

மாசி மாதத்தில் மலைநாட்டுத் தோட்டங்களிலே காமன் கூத்து ஆடுவோர், தப்பை அடிப்பதற்கு முன்னர் அதனை நெருப்பிலே காய்ச்சுவது வழக்கம். அக்கரப்பத்தனை போன்று பனியும் தூறலும் மிகுந்த இடங்களில் இது தவிர்க்க முடியாத காரியமாகும். ஈரக்காற்றிலே தோல் தளர்ந்துவிடும். தளர்ந்த தோல் நல்ல ஓசை தராது. சூடு பட்டதும் ஈரம் அகன்று தோல் இறுகுகிறது, ஓசை பிறக்கிறது. அளவுக்கு மிஞ்சிக் காய்ச்சினாலோ தோல் கெட்டுவிடும். தளர்வுக்கும் சிதைவுக்கும் இடையே நிற்கும் அந்த அளவான இறுக்கத்தையே பௌதிக நூல்கள் இழுவை என்று குறிப்பிடுகின்றன.

ஒரு தோலின் இழுவையைச் சரிசெய்வதற்கு ஒரு மனிதனுடைய செவியும் சிறிது நெருப்பும் போதும். ஆனால் மூவாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களை ஒரே வேளையில் ஒரே அளவான இழுவையுடன், நாள் முழுவதும், ஒரு கணமும் தவறாமல் வைத்திருக்க வேண்டுமானால் என்ன செய்வது? இக்கேள்வியே பாவுப் பின்னல் இயந்திரத்தின் நடுநாயகமான கேள்வியாகும்.

இவ்வியந்திரத்தின் பெயரைக் கேள்வியுறாதவர்கள் பலர் இருக்கலாம். அதன் துணியைக் காணாதவர்கள் இருக்க மாட்டார்கள். தேயிலைத் தண்டுகளைப் பதியம் வைக்கும் நாற்றுமேடைகளுக்கு மேல் முன்னாளிற் பன்னத்தழையும் தும்புத் தட்டியும் நிழல் தந்தன. இன்று பல இடங்களில் அவற்றின் இடத்தைப் பிடித்திருக்கும் பின்னல் நிழல்வலை இவ்வியந்திரத்தில் உருவானதே. கடைகளுக்குப் பெரிய வெங்காயம் வந்து சேரும் சிவப்பு வலைப்பை, நுளம்புவலை, விளையாட்டு வீரர்கள் அணியும் இலேசான சட்டை, பெண்களின் உள்ளாடைகளில் இழையோடும் பூவேலைச் சரிகை ஆகியவற்றிலும் பெரும்பாலானவை இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

துணி உண்டாகும் வழிகளைச் சற்றே பிரித்தறிதல் நன்று. கொழுந்து பறிப்போர் முன்னாளில் மழைக்குத் தலைமேல் இட்டுக்கொண்ட கம்பளி நெய்யப்பட்டது. அதிலே நெடுக்காக ஓடும் பாவும் குறுக்காக ஓடும் ஊடையும் ஒன்றையொன்று மேலும் கீழுமாகக் கடக்கின்றன. குளிருக்கு அணியும் சுவெட்டரோ பின்னப்பட்டது. அதில் நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒரு கண்ணி மற்றொன்றினூடாக நுழைந்து செல்கிறது. கைப்பின்னலில் ஒரே நூல் குறுக்காக ஓடி ஒரு வரிசை முழுவதையும் உண்டாக்குவதால் அதற்கு ஊடைப் பின்னல் என்று பெயர். அதில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் கண்ணிகள் ஏணிப்படி போலத் தொடர்ந்து கழன்றுவிடும்.

பாவுப் பின்னலில் ஏற்பாடு வேறு. அங்கே ஒவ்வோர் ஊசிக்கும் தனித்தனி நூல் உண்டு. நெசவுக்குப் போலவே நூல்கள் யாவும் ஒரு பெரும் உருளையிற் பாவாகச் சுற்றப்பட்டு, நெடுக்காக இறங்கி வருகின்றன. வழிகாட்டிச் சட்டம் என்னும் நீண்ட சட்டத்தில் உள்ள சிறு துளைகளினூடாக அவை செல்கின்றன. அச்சட்டம் முன்னும் பின்னும் ஊசலாடுவதோடு பக்கவாட்டிலும் நகர்ந்து, நூலை ஒரு முறை இந்த ஊசியிலும் அடுத்த முறை பக்கத்து ஊசியிலும் சுற்றுகிறது. இவ்வாறு நூல்கள் வளைந்து வளைந்து அண்டை நூல்களோடு பிணைவதால் துணி எளிதில் இழை கழன்று போவதில்லை. நிழல்வலையைக் கத்தரியால் வெட்டினாலும் அதன் ஓரம் நெய்த துணியைப் போல உதிராமலிருப்பதற்கு இப்பிணைப்பே காரணம்.

வில்லியம் லீ என்னும் ஆங்கிலேயர் 1589ஆம் ஆண்டில் முதற் பின்னற் பொறியை அமைத்தார்; அது ஊடைப் பின்னலுக்குரியது. பாவுப் பின்னலின் தோற்றம் 1775ஆம் ஆண்டில் கிரேன் என்பவரோடு தொடர்புறுத்திக் கூறப்படுகிறது. வலைகளும் சரிகைகளும் பின்னும் இயந்திர வகைக்கு இராஷல் என்னும் பெயர் வாய்த்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டிற் புகழ்பெற்ற பிரெஞ்சு நாடக நடிகை இராஷலின் பெயராலாகும். இயந்திரத்தின் வடிவம் காலந்தோறும் மாறியது. நூலின் இழுவை பற்றிய தொல்லை மட்டும் மாறவில்லை.

அத்தொல்லையின் அளவை ஓர் உதாரணத்தால் உணரலாம். 130 அங்குல அகலமும் அங்குலத்துக்கு 28 ஊசிகளும் கொண்ட ஓர் இயந்திரத்தில் 3640 ஊசிகள் இருக்கும். ஒரு வழிகாட்டிச் சட்டத்துக்கு ஊசிக்கு ஒன்றாக 3640 நூல்கள் வேண்டும். நாற்பது டெனியர் நூல் என்றால், 9000 மீற்றர் நீளம் 40 கிராம் மாத்திரமே நிறையுள்ள மெல்லிய நூல் என்பது பொருள். இத்தகைய நூலைப் பாவாகச் சுற்றும்போது அதற்குக் கொடுக்கும் இழுவை ஏறத்தாழ நான்கு கிராம் எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். ஒரு நூலுக்கு இது அற்பமே. ஆயினும் 3640 நூல்களுக்குமாகச் சேர்த்தால் பதினான்கரைக் கிலோகிராமுக்குச் சமமான விசை உருளையின் மேல் அழுந்துகிறது. அற்பங்கள் திரண்டு பாரமாகும் இடம் இதுவே.

இழுவை குறைந்தால் நூல் தொய்ந்து ஊசியிற் சரியாக அகப்படாது, கண்ணி தவறும். இழுவை மிகுந்தால் கண்ணி சிறுக்கும். இன்னும் மிகுந்தால் நூல் அறுந்துவிடும். இவ்விரண்டும் கண்ணுக்குத் தெரியும் குற்றங்கள். இவற்றினும் கொடியது, சிறிதளவே மாறுபட்ட இழுவையாகும். அது பின்னும்போது கண்ணுக்குத் தெரியாது. துணி சாயம் ஏறிய பின்னரே, நெடுக்காகவோ குறுக்காகவோ கோடு கோடாகத் தோன்றும். ஒரு நூல் மட்டும் இறுகியிருந்தால் துணியின் நீளமெங்கும் ஒரு நெடுங்கோடு. நூல்கள் யாவும் ஒரே வேளையில் இறுகித் தளர்ந்தால் குறுக்கே பட்டை. அனுபவமுள்ள தொழிலாளர் கோட்டின் திசையைக் கொண்டே குற்றம் பிறந்த இடத்தை ஊகித்துவிடுவர்.

முற்காலத்தில் இழுவையை அடக்க எளிய முறையொன்று கையாளப்பட்டது. பாவு உருளையின் ஓரத்தில் வார் ஒன்றைச் சுற்றி, அதிலே எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தடை உண்டாக்கினர். ஊசிகள் நூலை இழுக்க, உருளை அத்தடையை வென்று சுழன்றது. இம்முறையின் குறை அதன் உள்ளேயே இருந்தது. உருளை நிறைந்திருக்கும்போது அதன் ஆரை 25 சதம மீற்றர் என்று கொள்வோமாயின், நூல் தீரும் தறுவாயில் அது 10 சதம மீற்றராகக் குறைந்துவிடும். தடை மாறாதிருக்க ஆரை சுருங்கினால், அதே உருளையைச் சுழற்றுவதற்கு நூல் இரண்டரை மடங்கு விசையுடன் இழுக்க வேண்டும். கதவைக் கைப்பிடியருகே தள்ளுவதற்கும் கீலருகே தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடே இதுவும். ஆகவே தொழிலாளி அடிக்கடி எடையைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அவர் சற்றே அயர்ந்தால், துணியின் தொடக்கமும் முடிவும் ஒரே துணியாக இராது.

இதற்கு விடையாக வந்த முறை, சிந்தனையின் திசையையே மாற்றியது. இழுவையை நேராகப் பிடித்து நிறுத்த முயல்வதை விடுத்து, நூலின் நீளத்தைப் பிடித்தனர். ஒரு கண்ணிக்கு எவ்வளவு நூல் வேண்டுமோ அவ்வளவை உருளை தானே கொடுத்துவிட்டால், ஊசி நூலைப் பறிக்க வேண்டியதில்லை. இழுவை தானே ஒழுங்குபடும். இதற்கெனத் தொழிலாளர் ஓர் அளவை வழக்கில் வைத்திருக்கின்றனர். 480 பின்னல் வரிசைகள் சேர்ந்தது ஒரு றக். ஒரு றக்குக்கு 1500 மில்லிமீற்றர் நூல் என்றால், ஒரு வரிசைக்கு 3.125 மில்லிமீற்றர் ஆகிறது. இரண்டு சட்டங்கள் சேர்ந்து பின்னும்போது அவற்றின் நூல் நீளங்களுக்கு இடையிலான விகிதமும் காக்கப்பட வேண்டும். பெருவழக்கான ஒரு துணி வகையில் இவ்விகிதம் நான்குக்கு மூன்று. விகிதம் பிசகினால் துணியின் தோற்றமும் கைப்பதமும் மாறிவிடும்.

நிமிடத்துக்கு 2000 வரிசைகள் பின்னும் இயந்திரத்துக்கு, மேற்கூறிய கணக்கின்படி, நிமிடத்துக்கு ஆறேகால் மீற்றர் நூல் தேவை. நிறைந்த உருளை இதனைக் கொடுக்க நிமிடத்துக்கு ஏறத்தாழ 4 முறை சுழன்றாற் போதும். மெலிந்த உருளையோ ஏறத்தாழ 10 முறை சுழல வேண்டும். இம்மாற்றத்தை அறிவதற்காகச் சிறு உருள் ஒன்று பாவின் மேற்பரப்பைத் தொட்டவாறே ஓடுகிறது. பரப்பின் வேகம் குறையக் கண்டால், பற்சில்லுகளின் வழியாக உருளையின் சுழற்சி விரைவுபடுத்தப்படும். மிகக் கண்டால் தணிக்கப்படும். இன்றைய இயந்திரங்களில் இவ்வேலையைக் கணினியின் கட்டளைக்கு அமைந்து நடக்கும் மின்மோட்டார்கள் செய்கின்றன. கருவி மாறினும் கருத்து ஒன்றே.

இத்துடன் தொல்லை தீர்ந்துவிடவில்லை. உருளை ஒரே சீராக நூலைக் கொடுத்தாலும், ஊசி அதனை ஒரே சீராக வாங்குவதில்லை. சட்டம் ஊசலாடும்போதும் பக்கவாட்டில் நகரும்போதும் நூல் தேவைப்படுகிறது. அடுத்த கணத்தில் மிஞ்சுகிறது. நொடிக்கு முப்பதுக்கு மேற்பட்ட முறை நிகழும் இவ்வேற்றத்தாழ்வைப் பெரிய உருளை பின்தொடர இயலாது. ஆகவே உருளைக்கும் ஊசிகளுக்கும் இடையே மெல்லிய வில்தகடுகள் தாங்கும் ஒரு சட்டம் பொருத்தப்படுகிறது. நூல்கள் யாவும் அதன் மேலாகச் செல்கின்றன. நூல் தேவைப்படும்போது சட்டம் தாழ்ந்து கொடுக்கிறது. மிஞ்சும்போது எழுந்து தொய்வை வாங்கிக்கொள்கிறது. வில்தகடு மிகக் கடினமானால் நூல் அறும். மிக மென்மையானால் சட்டம் தன்போக்கிலே துள்ளும். துணிக்கும் நூலுக்கும் ஏற்ற தகடுகளைத் தெரிவது தொழில் அறிந்தவரின் கைத்திறன்.

ஆயினும் இயந்திரத்தில் எவ்வளவு நுட்பம் இருந்தாலும், பாவு சுற்றும்போது நேர்ந்த குற்றத்தை அது திருத்தாது. நூற்றுக்கணக்கான நூற்கண்டுகளை ஒரு தாங்கியில் அடுக்கி, ஒவ்வொரு நூலையும் ஒரு சிறு தடையினூடாக இழுத்து உருளையிற் சுற்றுகின்றனர். தடையொன்றில் தூசு படிந்தால் அந்த நூல் மட்டும் இறுகிச் சுற்றப்படும். பக்கம் பக்கமாக ஒரே அச்சில் மாட்டப்படும் பல உருளைகளும் ஒரே சுற்றளவுடையனவாக இருத்தல் வேண்டும். ஒன்று பருத்திருந்தால் அதன் பங்கிலுள்ள துணி மட்டும் வேறுபட்டு நிற்கும். காற்றின் நிலையும் கவனிக்கத் தக்கது. ஈரம் தப்பின் தோலைத் தளர்த்துவது போல நைலோன் நூலின் தன்மையையும் மாற்றுகிறது. காற்று மிக வறண்டாலோ மின்னேற்றம் உண்டாகி நூல்கள் ஒன்றையொன்று விலக்கி அலைகின்றன. ஆகவே தொழிற்கூடத்தின் உஷ்ணமும் ஈரப்பதனும் ஒரே நிலையில் வைக்கப்படுகின்றன. மூன்று சிறு உருள்கள் கொண்ட கைக்கருவியால் இடப்பக்கத்திலும் நடுவிலும் வலப்பக்கத்திலும் இழுவையை அளந்து பார்ப்பதும் வழக்கம்.

இலங்கைக்கு இத்தொழில் அந்நியமானதன்று. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், பிரான்சின் நோயோன் சரிகை நிறுவனமும் இலங்கையின் மாஸ் நிறுவனமும் இணைந்து பியகமவிலே சரிகை பின்னும் ஆலையை நிறுவின. அதற்கு முன்பே, 1978இற் கட்டுநாயக்கவில் ஏற்றுமதி வலயம் திறக்கப்பட்டதிலிருந்து, ஆடைத் தொழில் இந்நாட்டின் பெருந்தொழில்களுள் ஒன்றாக வளர்ந்துவிட்டது. மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்தும் இளைஞரும் யுவதிகளும் பலர் கொழுந்துக் கூடையை விட்டுத் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்துள்ளனர்.

நூலின் இழுவை அவர்களைத் தொடாத செய்தியென்று கருதுதல் தவறு. சீரற்ற இழுவையிற் பின்னிய துணியை வெட்டினால், ஒரு துண்டு மற்றொன்றைக் காட்டிலும் மிகுதியாகச் சுருங்கும். தைத்த விளிம்புகள் கோணும். கழுவிய பின் ஒரு கை நீளும், மற்றது குறுகும். பரிசோதகரின் மேசையில் அந்த ஆடை ஒதுக்கப்படும்போது முதற்பார்வை தையலின் மேலேதான் விழுகிறது. குற்றமோ பல வாரங்களுக்கு முன்பு, வேறொரு கூடத்தில், தூசு படிந்த ஒரு தடையிற் பிறந்ததாயிருக்கலாம். கோணிய துண்டை விரித்து, கண்ணிகளின் ஓட்டத்தை நோக்கி, இது தையலின் குற்றமன்று, பின்னலின் குற்றம் என்று காரணத்தோடு எடுத்துக் கூறத் தெரிந்தவர், வீண்பழியிலிருந்து தம்மைக் காத்துக்கொள்கிறார்.

நாற்றுமேடையிலும் இதே நியாயம் உண்டு. இறுக்கமும் தளர்வுமாகப் பின்னிய நிழல்வலை ஒரு பக்கம் தொய்ந்து மழைநீரைத் தாங்கும்; கண்ணிகள் அகன்ற இடத்தில் வெயில் அதிகமாக இறங்கி இளந்தளிர் கருகும். வலை வாங்குவோர் அதனை நிலத்தில் விரித்து, இரு ஓரங்களும் ஒரே நீளமாகப் படிகின்றனவா என்று பார்த்தல் எளிய பரிசோதனை. ஓரங்கள் ஒத்துப் படிந்தால், அதனைப் பின்னிய நூல்கள் யாவும் தத்தம் பங்கைச் சரியாகப் பெற்றன என்பதற்கு அது நல்ல அடையாளம்.